முந்நூற்று எழுபத்தெட்டு மீட்டர்

பின்னாடி வராதீங்க. நான் மெதுவா நடந்தா நீங்களும் மெதுவா நடக்கிறீங்க. வேகமா நடந்தா மூச்சு வாங்கிக்கிட்டே வேகமா வர்றீங்க. நான் நின்னா அரை அடி கழிச்சு நீங்களும் நிக்கிறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லிட்டாவது போங்க.

இதில் ஒரு சொல்லும் அவள் வாய்க்கு வரவில்லை. இரண்டு கைகளிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளைத் தூக்கிக்கொண்டு ஆராய்ச்சிப் பிரிவின் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள். காலை பத்தரை மணி. உயரத்து ஜன்னல்கள் வழியே வெளிச்சம் தரை முழுக்க விழுந்திருந்தது. ஒருவர் ஒளிந்துகொள்ள அங்கே ஒரு மூலைகூடக் கிடையாது. இருந்தும் அவளுடைய காலடிக்கு அரை அடி பின்னால் இன்னொரு காலடி கேட்டது. தோல் செருப்பு. இடது கால் மட்டும் லேசாகத் தேயும்.

கூம்பைக் கீழே வைத்தாள். சத்தம் நின்றது.

நடைபாதையின் நீளம் சரியாக முப்பது மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒரு நீலப் பட்டை தரையில் ஒட்டியிருக்கும். இரண்டு கோடியிலும் கூம்புகள். இதயம் தளர்ந்துபோனவர்களுக்கான ஒரு புது மாத்திரையை இங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை அவர்களை வரவழைத்து இந்த இரண்டு கூம்புகளுக்கு நடுவே ஆறு நிமிடம் நடக்கவிடுவார்கள். எத்தனை மீட்டர் நடந்தார்கள் என்று குறித்துக்கொள்வார்கள். நடக்கவிடுவது அவள் வேலை. ஏழு வருஷமாகச் செய்கிறாள்.

அன்று வந்திருந்தவர் ஒரு தையல்கார அம்மா. மூன்று நிமிடம் ஆனதும் அவள் தாளில் உள்ளபடி, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்: "நன்றாக நடக்கிறீர்கள். இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது." அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. தட்டிக்கொடுத்தால் சிலர் அதிகமாக நடந்துவிடுவார்கள். ஒவ்வொரு முறை கூம்பைத் தொடும்போதும் கையிலிருந்த எண்ணும் கருவியை, க்ளிக்கரை, அழுத்தினாள். அம்மாவுடைய ரப்பர் செருப்பு, சப்பு சப்பு. அதற்குப் பின்னால் தோல் செருப்பு. கூம்பருகே இரண்டும் திரும்பின. அழுத்தினாள்.

ஆறு நிமிடம் முடிந்தபோது க்ளிக்கரில் பதிமூன்று இருந்தது.

கோடியில் ஆக்சிஜன் உருளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நர்ஸக்கா எட்டிப் பார்த்தாள். "பதிமூணா? நான் பத்துதான் எண்ணினேன். மிச்சம் மூணு யாருடி நடந்தது, நானா? என் முட்டிதான் ஊருக்கே தெரியுமே."

"பதிமூணே போட்டுக்குங்க," என்றார் தையல்கார அம்மா, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு. "நான் துணி அளக்கிறப்ப ஒரு இஞ்ச் கூட்டிப் போடுறதில்லையா? அந்த மாதிரி."

நர்ஸக்கா சிரித்தாள். அவளும் சிரித்தாள், அல்லது முகத்தை அப்படி வைத்துக்கொண்டாள். பதிமூன்றின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் பத்து என்று எழுதி, சுருக்கக் கையெழுத்தும் தேதியும் போட்டாள். இங்கே எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதியதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

தோல் செருப்புக்காரர் இறந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது.

*

அவரை எல்லாரும் லிஃப்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஒன்பது மாடி அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் இயக்கியவர். முதல் நாள் நடைபாதையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு தூரம் போயிருப்பேன்னு கூட்டிப் பார்த்தா நிலாவுக்கே போயிருக்கலாம்மா. ஆனா ஒரு அடி நடந்ததில்ல. இப்ப இதயத்துக்கு நட நடன்னா அது சிரிக்காதா?"

"ஓடச் சொல்லல சார். உங்களால முடிஞ்ச வேகத்துல போனா போதும்."

"இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வரணும். அவ்வளவுதானே? படுக்கப் போட்ட லிஃப்ட்."

முதல் முறை இருநூற்று எண்பத்திரண்டு மீட்டர் நடந்தார். ஆறு வாரம் கழித்து இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு. நடக்கும்போது வாய் ஓயாது. பேசினால் மூச்சு வீணாகும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். எந்த மாடியில் எந்த அதிகாரி எந்தக் கிளார்க்கைப் பார்த்துப் பல்லிளிப்பார் என்பதெல்லாம் அந்த ஆறு நிமிடத்தில் வந்து விழும். இரண்டாவது முறை முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது சொன்னார்:

"நீங்க பேசுறது ஒரு குரலை ஞாபகப்படுத்துதும்மா. என்னன்னு வழியெல்லாம் யோசிச்சேன். இப்பதான் பிடிபட்டுச்சு."

"யார் குரல் சார்?"

"கடைசியா எங்க லிஃப்ட்ல ஒரு பொம்பளைக் குரலைப் பதிஞ்சு வச்சாங்க. 'கதவு மூடுகிறது.' 'ஐந்தாம் தளம்.' அச்சு அசலா நீங்கதான். 'நன்றாக நடக்கிறீர்கள்.' அந்தம்மா வந்து சேர்ந்த மாசம் எனக்கு வேலை போச்சு." சொல்லிவிட்டு அவர் குலுங்கிச் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. நர்ஸக்காவும் சிரித்து, அன்றிலிருந்து இரண்டு வாரம் அவளைக் 'கதவு மூடுகிறது' என்றே கூப்பிட்டாள்.

அவளும் உடன் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் எங்கோ உட்கார்ந்துவிட்டது. குளிக்கும்போது, பேருந்தில் நிற்கும்போது, தன் குரலைத் தானே கேட்டுப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் எத்தனை பேரிடம் ஒரே தொனியில் அந்த ஐந்து வாக்கியங்களைச் சொல்லியிருப்பாள்! அவர்களில் யாருக்காவது அவள் முகம் நினைவிருக்குமா? இருந்தென்ன, இல்லாவிட்டால்தான் என்ன? இப்படியெல்லாம் கேட்டுக்கொள்வது வேலைக்கு உதவாது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது முறை லிஃப்ட்காரர் வந்த அன்று நர்ஸக்கா பயிற்சிக்குப் போயிருந்தாள். ஆக்சிஜன் பக்கத்தில் உட்கார வேண்டிய மாற்று ஆள் பக்கத்து அறையில் தொலைபேசியில் இருந்தார். லிஃப்ட்காரர் தொடக்கக் கோட்டில் நின்றுகொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆளில்லாத நடைபாதையில தனியா நடக்கிறது ஒரு மாதிரி இருக்கும்மா. கூடத்தான் வாங்களேன். உங்க சட்டம் ஒண்ணும் தேஞ்சு போகாது."

நடத்துகிறவர் நடைபாதையின் நடுவில், சுவரோரம் நிற்க வேண்டும். கூட நடக்கக் கூடாது. இந்த வேலையில் முதல் பாடமே அதுதான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்: "பக்கத்துல நடந்தா அவங்க வேகம் போயிடும், உன் வேகம் வந்துடும். அப்புறம் நீ அளக்கிறது உன்னைத்தான்." தெரிந்தேதான் போனாள். பதிந்து வைத்த குரலாக இருக்க வேண்டாமென்று ஒரு ஆறு நிமிடம் ஆசைப்பட்டாள். அது மட்டும்தானா என்று பின்னால் பல முறை கேட்டுக்கொண்டாள். இல்லை. இரண்டு முறையும் இருநூற்றுத் தொண்ணூறைச் சுற்றியே நின்ற அந்த எண் ஏற வேண்டுமென்றும் ஆசைப்பட்டாள். அவருக்காக ஆசைப்பட்டதாகத்தான் அன்று நினைத்தாள்.

கூட நடந்தாள். அரை அடி முன்னால். முதல் நிமிடத்தில் அவர் ஏழாவது மாடி விவகாரம் ஒன்றைத் தொடங்கினார். மூன்றாவது நிமிடத்தில் கதை நடுவில் நின்றது. அவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று நினைத்து, அவள் தன் பங்குக்கு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்பதுகூட இப்போது நினைவிருக்கிறது. தான் சின்ன வயதில் லிஃப்டில் ஏறப் பயந்ததைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். பேசவில்லை. கடைசி இரண்டு நிமிடமும் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு முழு நடையும் அதற்கு மேல் பதினெட்டு மீட்டரும். முந்நூற்று எழுபத்தெட்டு.

"மூச்சு எப்படி இருக்கு சார்? ஒண்ணுமே இல்லேன்னா பூஜ்யம். தாங்கவே முடியலேன்னா பத்து."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ. "மூணு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "மூணு போதுமாம்மா?"

அவள் சிரித்துக்கொண்டே மூன்று என்று எழுதினாள்.

ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மூன்றாவது சோதனைக்குப் பிறகு ஓர் அட்டை கொடுப்பார்கள். வீட்டில் தினமும் அரை மணி நேரம் எந்த வேகத்தில் நடக்க வேண்டும் என்று அதில் இருக்கும்; நடந்த நாளைக் குறிக்கக் கட்டங்களும் இருக்கும். ஆறு நிமிடத்தில் நடந்த வேகத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு. முந்நூற்று எழுபத்தெட்டை ஆறால் வகுத்தால் நிமிடத்துக்கு அறுபத்து மூன்று. அதில் எண்பது பங்கு, ஐம்பது. அரை மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். தன் கையால் தெளிவாக எழுதிக் கொடுத்தாள். வழக்கமான எச்சரிக்கையையும் சொன்னாள்: நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிய வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்து, வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டினார். "பாஸ் பண்ணிட்டேன்னு சொல்லுங்க."

பதினோராம் நாள் காலையில், தன் தெருவில், நடந்துகொண்டிருக்கும்போது விழுந்தார். விழுந்த இடத்திலேயே போய்விட்டார்.

*

செய்தி வந்த அன்று அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. இதயம் தளர்ந்தவர்கள் இறப்பதை அவள் பார்த்திருக்கிறாள். வருத்தப்பட்டாள், கோப்பில் சிவப்பு நாடா ஒட்டினாள், வீட்டுக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அவளும் கணவரும் மருந்துக்கடைக்கு நடந்து போனார்கள். அவர் எப்போதும் அவளுக்கு அரை அடி முன்னால்தான் நடப்பார். கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அப்படித்தான். அன்று வழியில் அவள் அவரிடம் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். வாக்கியம் பாதியில் நின்றது. மூச்சு போதவில்லை.

நின்றுவிட்டாள். அவர் நாலைந்து அடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"நீங்க ரொம்ப வேகமா நடக்கிறீங்க."

"இன்னைக்கா?"

"எப்பவுமே."

"அப்ப இத்தனை வருஷமா ஏன் சொல்லல? நான் என்ன, பஸ்ஸைப் பிடிக்கவா போறேன்?"

கூட வரும்போது அது தெரியாது என்று சொல்ல நினைத்தாள். பக்கத்தில் ஒருவர் நடந்தால் கால் தன் பாட்டுக்கு அவருக்கு ஈடு கொடுக்கும். உடம்பு கெஞ்சினாலும் மரியாதை விடாது. முடியவில்லை என்று சொல்வதைவிடப் பேச்சை நிறுத்திவிடுவது எளிது.

அந்த இடத்தில், மருந்துக்கடைக்கு இருபதடி முன்னால், லிஃப்ட்காரருடைய கடைசி இரண்டு நிமிட மௌனம் அவளுக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதிப் பார்த்தாள். அவராக, தனியாக, முழு மூச்சைக் கொடுத்து நடந்தபோது இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு மீட்டர். நிமிடத்துக்கு நாற்பத்தொன்பது. அவள் அட்டையில் எழுதிய நிதான வேகம் ஐம்பது. ஆறு நிமிடத்துக்கு மேல் அவரால் தாங்க முடியாத வேகத்தைத் தினம் அரை மணி நடக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

அதனால்தான் போனார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே அவள் அன்றிலிருந்து போய்ப் போய் வந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நடைபாதையில் கால் வைத்தபோதுதான் முதல் முறையாகப் பின்னால் தோல் செருப்பு கேட்டது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட வேறொன்று வருத்தியது. அவள் மெதுவாக நடந்தால் அந்தக் காலடி ஆசுவாசமடைந்தது. அவசர வேலை என்று அவள் எட்டி வைத்தால், அது சலித்துக்கொள்ளாமல், குறை சொல்லாமல், இடது காலைத் தேய்த்துக்கொண்டு ஓடி வந்தது. அதற்காகவே இருபது நாளாக அந்தக் கட்டடத்தில் அவள் மெதுவாக நடந்துகொண்டிருந்தாள். "கர்ப்பமாடி?" என்று நர்ஸக்கா காதோடு கேட்டாள்.

*

தையல்கார அம்மாவை அனுப்பிவிட்டுத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது லிஃப்ட்காரருடைய மனைவி வந்தார். ஒல்லியான உடம்பு, கையில் துணிப்பை. ஆய்வில் கொடுத்த மாத்திரையில் மீதியிருப்பதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. தபாலில் கடிதம் போயிருந்தது. அதற்காக அவர் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தார்.

மாத்திரைகளைத் தட்டில் கொட்டி அவள் எண்ண ஆரம்பித்தாள். அந்த அம்மா தட்டையே பார்த்தார்.

"ஒண்ணுகூட விட்டிருக்க மாட்டாரு மேடம். எண்ணிப் பாருங்க. மணியடிச்ச மாதிரி போட்டுக்குவாரு."

"சரியா இருக்கும்மா."

"அந்த அட்டையையும் அப்படித்தான். வாசல்லேர்ந்து தண்ணித் தொட்டி வரைக்கும் கயிறு போட்டு அளந்தாரு. நூத்தம்பது மீட்டராம். அஞ்சு தடவை போய்ட்டு வரணும், அரை மணியில முடிக்கணும். கையில கடிகாரத்த வச்சுக்கிட்டு. ஒரு நாள் முப்பத்தஞ்சு நிமிஷம் ஆயிடுச்சுன்னு சாப்பிடவே இல்ல."

நர்ஸக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க."

"பேசிக்கிட்டே நடக்கணும்னு சொன்னீங்களாமே? தெருவுல தனியா பேசிக்கிட்டு நடந்தா பைத்தியம்னு நாலு பேரு சிரிப்பாங்கன்னு வெக்கப்பட்டாரு. நான் கூட வர்றேன்னேன். நீ வந்தா ஊர்வலம் மாதிரி இருக்கும், வேகம் குறைஞ்சிடும்னுட்டாரு." அந்த அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா நீங்க கூட நடந்ததை மட்டும் எல்லார்கிட்டயும் சொன்னாரு. 'மேடமே கூட வந்தாங்க, மூச்சு வாங்கினதே தெரியல, முந்நூத்து எழுபத்தெட்டு மீட்டர்'னு. பால்காரன்கிட்டகூட."

அவள் கையில் ஒரு மாத்திரை நின்றது. நர்ஸக்கா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும் மேடம்." அந்த அம்மாவின் குரல் இறங்கியது. "அன்னைக்குக் காலையில அவருக்கு எந்திரிக்கவே மனசில்ல. கால் கனக்குது, இன்னைக்கு விட்டுடட்டுமான்னாரு. நான்தான்... 'மேடம் உங்களை நம்பி எழுதிக் குடுத்திருக்காங்க, அட்டையில ஒரு நாள் காலியா இருந்தா என்ன நினைப்பாங்க'ன்னு அதட்டி அனுப்பினேன். செருப்பைக்கூட நான்தான் எடுத்து வச்சேன். தூக்கத்துல அதே ஞாபகம். நான் அனுப்பாம இருந்திருந்தா...?"

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க," என்றார் அந்த அம்மா, சலிப்பில்லாமல். "யார் மேல தப்புன்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

சொல்லிவிடு என்று உள்ளே ஏதோ நெட்டித் தள்ளியது. சொன்னால் இந்த அம்மா என்ன செய்வார்? கத்துவாரா? மண்ணை வாரித் தூற்றுவாரா? அதுகூடப் பரவாயில்லை. 'பரவாயில்ல மேடம்' என்று சொல்லிவிட்டால்? அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. அவள் மாத்திரைகளை விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணினாள். நாற்பத்தாறு. அந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு, காலித் துணிப்பையை நாலாக மடித்துக்கொண்டு கிளம்பினார்.

வாசல்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பிய நர்ஸக்கா கதவைச் சாத்தினாள்.

"கூட நடந்தியா?"

"ம்."

"அடிப்பாவி." திட்டுகிற குரல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய டாக்டருக்குத் தெரியுமா?"

"போன வாரமே சொல்லிட்டேன். அப்புறம் பேசலாம்னாரு. இன்னைக்கு மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு."

*

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. அவளை வேலைக்கு எடுத்தவர் அவர்தான். அவளுடைய அம்மா படுக்கையில் இருந்தபோது தினமும் வீட்டுக்கே வந்து பார்த்தவர். மேஜையில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. மற்றதையெல்லாம் ஒதுக்கி வைத்திருந்தார்.

"உக்காரும்மா. சாப்பிட்டியா?"

"ஆச்சு டாக்டர்."

"முதல்ல ஒரு நல்ல சேதி. இறப்பு நடந்ததால கண்காணிப்புக் குழு, யாருக்கு எதுன்னு எழுதி ஒட்டி வச்ச உறைகள்ல அவர் ஒருத்தரோடதை மட்டும் பிரிச்சுப் பாத்துட்டாங்க. அவருக்குப் போனது வெறும் மாத்திரை. மருந்தால ஒண்ணும் ஆகல."

அவர் அவளுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். மருந்தே சாப்பிடாத மனிதர் ஆறு வாரத்தில் எண்பத்து நான்கு மீட்டர் கூடுதலாக நடந்திருக்கிறார். அந்த எண்பத்து நான்கு மீட்டரும் எங்கிருந்து வந்தது என்பதில் இனி ஒரு சந்தேகமும் இல்லை.

டாக்டர் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். இறப்பு விசாரணைக்கான கேள்விகள். ஐந்தாவது கேள்வியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். 'சோதனை முழுவதும் நடத்துநர் நடைபாதையின் நடுவில் நின்றிருந்தாரா?' எதிரே மூன்று கட்டங்கள். ஆம். இல்லை. நினைவில்லை.

"நீ வந்து சொன்னதை நான் மறக்கல. உன் நேர்மை எனக்குத் தெரியும். ஆனா இதையும் யோசி. 'இல்லை'ன்னு போட்டா, இங்க நடந்த எல்லா நடையும் சந்தேகம்னு ஆயிடும். நாற்பத்தோரு பேர். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு இந்த இடத்தை மூடிடுவாங்க. மாத்திரையை நிறுத்திடுவாங்க. அந்தத் தையல்கார அம்மா இப்பதான் மாடிப்படி ஏறி மகள் வீட்டுக்குப் போறாங்களாம். அவங்களுக்குப் போறது மருந்தா இருந்தா?"

அது அவளுக்கும் தெரியும். இராத்திரிகளில் அதையும் சேர்த்துத்தான் கூட்டிக் கழித்துப் பார்த்திருந்தாள்.

"மத்தவங்க யார் கூடவும் நான் நடந்ததில்ல டாக்டர். அதையும் எழுதித் தர்றேன்."

"நம்புவாங்களா?"

"தெரியாது."

"அவர் இதயம் எப்படி இருந்ததுன்னு நீ படம் பாத்திருக்க. அன்னைக்கு இல்லேன்னா அடுத்த மாசம். கட்டில்லேர்ந்து எந்திரிக்கும்போதுகூடப் போயிருக்கலாம்."

"இருக்கலாம்."

"அப்புறம் என்ன?"

அந்த அம்மா செருப்பை எடுத்து வைத்த கையை அவள் நினைத்தாள். அந்தக் கை இன்று இரண்டு பேருந்து மாறி வந்து நாற்பத்தாறு மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன்மேல் இல்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு மறுபடி இரண்டு பேருந்து ஏறியிருக்கும். இந்தத் தாள் சுத்தமாக இருந்தால் அந்த அம்மா சாகும்வரை தூங்கமாட்டார். இந்தத் தாளில் உள்ளது உள்ளபடி இருந்தால், ஒரு நாள், யாராவது ஒருவர் போய்ச் சொல்லியே ஆக வேண்டும். அந்த யாரோ ஒருவர் தானாகத்தான் இருக்க முடியும் என்பதும் தெரிந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் பேசினார்.

"சரி. 'ஆம்'னு போடச் சொல்லல. பொய் சொல்ல உனக்கு வராது, எனக்கும் கேக்க வாய் வரல. மூணாவது கட்டம் இருக்கு பாரு. ஒரு நாளைக்கு நாலு பேரை நடக்க விடுற. எந்த நாள் எங்க நின்னேன்னு யாருக்கு நினைவிருக்கும்? யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதை மட்டும் போடு."

பேனாவின் மூடியைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். மின்விசிறிக் காற்றில் தாள் லேசாக எழும்பியது. அவள் ஒரு விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாபகம் இருக்கு டாக்டர்," என்றாள்.